பெஞ்சக்கா சொன்ன யோசனை

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இரண்டே அறை. உள்ளறையில் மனநல ஆலோசகர் அம்மா இருப்பார். வெளியறையில் ஒரு பெஞ்சு, ஒரு மேசை, வருகிறவர் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. அங்கே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் பெஞ்சக்கா என்பார்கள். இந்த வேலைக்கு வருமுன் பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வராந்தா துடைத்தவள். யார் உள்ளே போனாலும், "கடவுளே, இவங்கள லேசாக்கி அனுப்பு" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆலோசகர் அம்மா யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார். கேட்பார், கேட்டதை அவர்களுக்கே புரியும்படி எடுத்துச் சொல்வார், அவ்வளவுதான். அவரவர் வழி அவரவருக்குள்ளேயே இருக்கிறது, அது வெளியே வர நாம் கூட இருந்தால் போதும் என்பது அவர் நம்பிக்கை.

பஸ் கண்டக்டர் ஒருவர் இதற்காகவே சலித்துக்கொள்வார். "நான் சொன்னதையே திருப்பிச் சொல்றாங்கக்கா. வீட்டுச் சுவத்தப் பாத்துப் பேசினாலும் இதேதானே?"

"சுவரு டீ குடுக்காதுல்ல, குடிங்க" என்பாள் பெஞ்சக்கா.

டீயோடு நிறுத்தியிருக்கலாம். வெறுங்கையோடு போகிறார்களே என்று மனசு கேட்காது. படியிறங்கும்போது ஆளுக்கொரு யோசனையை ரகசியமாகச் சொல்லி அனுப்புவாள். அம்மாவுக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அப்படித்தான் சொன்னாள். அந்தப் பெண் கணவனை விட்டு அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தாள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். அம்மாவிடம் நாலு வாரம் பேசியபின் குரல் கொஞ்சம் எழும்பியது. அப்போது பெஞ்சக்கா சொன்னாள்: "ஒரு தடவை நேர்ல போய்ப் பேசும்மா. எங்க வீட்டுக்காரரும் முன்கோபிதான். நான் திரும்பிப் போய் நின்னதும் கரைஞ்சுட்டாரு. இருபது வருஷம் ஒரு குறையும் இல்ல."

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது அவள் வீட்டுக் கதை.

அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பெஞ்சக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் உள்ளறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் போன் பண்ணிப் பாத்தேன். அணைச்சு வெச்சிருக்கு. அவங்க அக்காவும் எடுக்கல" என்றார். இன்னும் மெதுவாக, "உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கு, இல்லையா?" என்றார்.

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் வாரம் அதே கிழமை, அதே நேரத்துக்கு அந்தப் பெண் வந்தாள். பின்னாலேயே கணவரும் வந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, சிரித்த முகம். பெஞ்சில் அவளைச் சுவரோரம் தள்ளி உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கதானே அந்த அக்கா? நேர்ல போய்ப் பேசுன்னு நீங்கதான் சொன்னீங்களாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கைகூப்பினார். "இவளுக்கு இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே வர மாட்டான்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்."

அந்தப் பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சக்காவின் வாய்வரை ஒரு யோசனை வந்தது. அதை விழுங்கினாள்.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் வேணாம்க்கா" என்றார் அவர்.

"அவங்களக் கேட்டேன் தம்பி."

அந்தப் பெண் நிமிராமலே, "உள்ள போகணும்" என்றாள்.

பெஞ்சக்கா எழுந்து உள்ளறையைத் திறந்தாள். கணவரும் எழுந்தார்.

"ஒருத்தரத்தான் விடுவாங்க தம்பி. ஐம்பது நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு வேற வேலையில்ல" என்று அவர் சிரித்தபடியே உட்கார்ந்தார். உள்ளறைக்கு அந்த ஒரு கதவுதான். மாடிக்கும் ஒரே படிக்கட்டு.

அந்தப் பெண் உள்ளே போனதும் கதவு மூடியது. உள்ளே யாரும் பேசும் சத்தம் இல்லை. சற்றுப் பொறுத்து உள்ளிருந்து தாழ் விழுந்தது. இத்தனை வருடத்தில் அம்மா ஒருநாளும் தாழ் போட்டதில்லை.

கணவருக்கும் கேட்டிருக்கும். சிரிப்பு மறைந்தது. எழுந்தார்.

பெஞ்சக்கா போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். கடவுள் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

"உக்காருங்க தம்பி" என்றாள்.

அவர் உட்காரவில்லை. அவளும் கதவை விட்டு நகரவில்லை.