வெள்ளைத்தாயியின் பெரட்டு

சுதர்ஷினியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் கூட்டாளி துஷாந்த் சிரித்தான். "எழுதுங்கண்ணே. ஆனா அந்த ஐடியா ஒங்களோடதுன்னு மட்டும் எழுதிறாதீங்க" என்றான். அதை எழுதத்தான் போகிறேன். என்னுடையதை என்னுடையது என்று சொல்ல எனக்கு யாரிடமும் பயமில்லை.

சுதர்ஷினி இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கங்காணி. முன்பெல்லாம் அந்த வேலைக்கு ஆம்பிளைகளைத்தான் போடுவார்கள். இப்போது பெண்களையும் போடுகிறார்கள், ஆனாலும் அவள் பிரிவில் அவள்தான் முதல் ஆள். காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடுவது. அந்தப் பெரட்டுக்களத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவாள். பிறகு மேலதிகாரியான கண்டாக்கு சொல்கிறபடி நாள் முழுக்க மலையில் ஏறி இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் கங்காணி இல்லை, மந்திரவாதி.

பில்லி சூனியம் என்று யாரும் பயப்பட வேண்டாம். பஸாரில் பேக்கரிக்கு மேல்மாடியில் ஜூட் டியூஷன் வகுப்பு நடத்துகிறான். கொரோனா காலத்தில் வகுப்பு இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது இன்டர்நெட்டில் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, அதன் சட்டதிட்டங்களைத் தமிழில் எழுதிவைத்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது. ஜூட் கதை சொல்வான். கதைக்குள் இருக்கிற ஆட்கள் நாங்கள். நான் இதைச் செய்கிறேன் என்று நாம் சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை சொல்லும். அவ்வளவுதான். கேட்க சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். இரண்டு வாரம் வந்து உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் ஆட்டோவுக்கு ஹயர் வந்தாலும் போக மனம் வராது. நான் ஆட்டோக்காரன், அனுபவித்துச் சொல்கிறேன்.

எனக்குக் கோடரி வைத்திருக்கிற குள்ளன் வேஷம். வீட்டு வாசலில் குனிந்து நுழைகிறவன் நான், ஜூட்டின் குசும்பு அது. நுவரெலியாவில் மரக்கறி மூட்டை ஏற்றுகிற துஷாந்துக்கு வில்லாளி வேஷம். சுதர்ஷினி மந்திரவாதியைத் தேர்ந்தெடுத்து, அவளுக்கு வெள்ளைத்தாயி என்று பேர் வைத்தாள். மந்திரவாதிக்கு வைக்கிற பேரா இது என்று கேட்டோம். "ஏன், வெள்ளைத்தாயின்னு பேர் இருந்தா மந்திரம் பலிக்காதா?" என்று ஒரே போடாகப் போட்டாள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. என் குள்ளனுக்குக் கோடரி ஒன்று. வெட்டு, அல்லது வெட்டாதே. துஷாந்துக்கு அம்பு. மந்திரவாதி அப்படியில்லை. கதையில் கிடைக்கிற ஒவ்வொரு மந்திரத்தையும் படித்துச் சேர்த்துக்கொண்டே போகலாம். சுதர்ஷினி ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் தேயிலைப் பக்கெட் அட்டையில் எழுதி ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டுவைத்தாள். இரண்டு வருஷத்தில் பெட்டி மூடவே மூடாது. அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கதையில் பொழுது விடிந்ததும், அன்றைக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்து அவற்றில் கொஞ்சத்தை மட்டும் அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அன்றைக்கு உதவாது.

அவளோ கண்ணை மூடி அள்ளுவாள். அரக்கன் எதிரே நிற்கும்போது கதவு பூட்டும் மந்திரம் கையில் இருக்கும். "பொறுங்க, பொறுங்க, இதுக்குன்னே ஒன்னு இருக்கு" என்று மேசையில் அட்டைகளைக் கொட்டித் தேடுவாள். கிடைத்தாலும் அது அன்றைக்குத் தேர்ந்தெடுக்காததாக இருக்கும். ஒருநாள் அவள் தேடும்போது நான் கீழே இறங்கி, ஒரு குடும்பத்தை நீர்வீழ்ச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வடையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். இது பொய்யென்றால் துஷாந்தைக் கேளுங்கள், வடையைத் தின்றவன் அவன்தான்.

அவள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் பின்னேரத்தோடு முடிந்துவிடும். அதனால் சண்டை பாதியில் நிற்கும். கல்லரக்கனின் கோட்டைக்கு முன்னால், ஆழமான பள்ளத்துக்கு மேல் தொங்குகிற கயிற்றுப் பாலத்தில், மூன்று ஞாயிறு ஒரே இடத்தில் நின்றோம். எனக்குப் பொறுக்கவில்லை. ஜூட்டிடம் கத்தினேன். "ஒன்னு அந்தப் பெட்டிய எரிங்க, இல்லாட்டி அவளுக்கும் ஒரு வாளக் குடுங்க."

ஜூட் எல்லாரையும் கேட்டான். முடிவு இதுதான்: இன்னும் இரண்டு ஞாயிறு, ஒவ்வொன்றும் கதையில் புதுப் பொழுது விடிவதிலிருந்து. இனி அவள் மந்திரம் தேர்ந்தெடுக்கும்போதும் அவள் முறை வரும்போதும் போனில் மணி வைப்பது. மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும். இரண்டாவது ஞாயிறும் மணி அடித்துவிட்டால் வெள்ளைத்தாயி கதையை விட்டுப் போய்விடுவாள், சுதர்ஷினி வாள்காரியாக வர வேண்டும். வாள்காரிக்குரிய தாளை நானே எழுதி, பேரும் வைத்துத் தயாராகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "டக்ளஸண்ணே, மலையில நா வாய் ஓயாம கத்துறேன். ஆனா ஒரு சொல்லாவது என்னோடதா? கண்டாக்கு சொல்றதத்தானே திருப்பிச் சொல்றேன். இங்க வெள்ளைத்தாயி ஒன்னு சொன்னா அது நடக்குது. அவள மட்டும் எடுத்துறாதீங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக நான் இறங்கிப் போகவில்லை. விளையாட்டு என்றால் விளையாட்டு.

இனி ஐடியாவுக்கு வருகிறேன்.

அந்த வாரம் ஒரு டீச்சரைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெரட்டுக்களத்தைத் தாண்டி வந்தேன். நல்ல குளிர், பனி கொட்டுகிறது. சுதர்ஷினி நடுவே நிற்கிறாள். கையில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. "வரிசையா நில்லுங்க!" என்று ஒரு சத்தம். அத்தனை பெண்களும் நேராகிவிட்டார்கள். கை வேகமுள்ளவர்கள் கொழுந்து அடர்ந்த மலைக்கு. சரிவில் கால் நிற்கிறவர்கள் மேட்டுக்கு. "காளியாயி அக்கா, ஒங்களுக்கு முழங்கால் சரியில்ல. ரோட்டோரமா நில்லுங்க, ஏதாச்சும்னா நா கூப்பிடுவேன்." தேத்தண்ணி ஆறுவதற்குள் களம் காலியாகிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவா வேண்டும்! ஆட்டோவை நிறுத்திவிட்டு நேரே போனேன். "இத்தன பேர வச்சுக்கிட்டு இங்க மட்டும் எப்பிடி வாய் தடுமாறாம வருது? ஒன் மந்திரங்களுக்கும் ஒரு பெரட்டு வச்சுத் தொலைக்க வேண்டியதுதானே!"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு மலைக்கு ஏறிப் போய்விட்டாள். நான் சொன்னது திட்டு என்பாள் அவள். திட்டுக்குள் இருந்தாலும் ஐடியா ஐடியாதான்.

அடுத்த ஞாயிறு வந்தாள். கதையில் பொழுது விடிந்தது என்று ஜூட் சொன்னதும் எழுந்து நின்று, பெட்டியிலிருந்த மந்திரங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். தீ மந்திரம், ஆள், பனி மந்திரம், ஆள் என்று போய்க்கொண்டே இருந்தது. பெரட்டில் ஒரு பேர் விடக்கூடாது, விட்டால் அந்த ஆள் மனம் நோகும் என்பது அவள் பழக்கம். அட்டைக்கு என்ன மனம் நோகப்போகிறது? பாதியைக்கூடத் தாண்டவில்லை, மணி அடித்துவிட்டது. துஷாந்த் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் வாள்காரியின் தாளை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது தனக்குத்தானே பேசுகிறவள் மாதிரி சொன்னாள்: "பேர் கூப்பிடுறதயே பெரட்டுன்னு நெனச்சுட்டேன். பிரிக்கிறதுதாண்ணே பெரட்டு."

அந்த வாரம் முழுக்க அவள் அட்டைகளோடுதான் இருந்தாள். எனக்குப் பிறகுதான் தெரியும். பேரை வைத்து அடுக்குவதை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பிரித்தாளாம். அடிக்கிற கூட்டம் ஒன்று, கண்ணை ஏமாற்றுகிற கூட்டம் ஒன்று, நம் ஆட்களைக் காக்கிற கூட்டம் ஒன்று. ஒரே வேலைக்கு நாலு மந்திரம் இருந்தால் அதில் நல்லதொன்றுக்கு மட்டும் அன்றைக்கு வேலை, மற்றது லயத்து வீட்டிலேயே இருக்கட்டும். அவசரமில்லாமல் ஆற அமரச் செய்கிற மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை என்று சட்டத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தாளாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயா பெரட்டுக்கா வந்து நிற்கிறாள், அவள் பாட்டுக்கு வேலை நடக்கவில்லையா என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சின்ன மந்திரம் கைவசம் நிற்க வேண்டும். ஏதாச்சும்னா கூப்பிட.

கடைசி ஞாயிறு. மழை பேக்கரிக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. அவள் சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவரவில்லை. கையில் கொஞ்சம் அட்டை, ஒரு ரப்பர் வளையம். கதையில் பொழுது விடிந்ததும் மேசையில் மூன்று வரிசையாக வைத்தாள், தனியே ஒன்றை ஓரமாக வைத்தாள். அந்த ஓரத்து அட்டையை துஷாந்த் எட்டிப் பார்த்தான். இறகு மந்திரம். விழுகிறவர்கள் அடிபடாமல் இறகு போல மெல்ல இறங்குவதற்கு. "அக்கா, அரக்கனோட சண்டைக்குப் போறோம், மரத்திலயிருந்து பலாக்கா பறிக்கப் போகல" என்றான். நானும் சிரித்தேன். இடி மந்திரம் எங்கே என்று கேட்டேன். "அது லயத்துல இருக்கு" என்றாள்.

கல்லரக்கன் பள்ளத்துக்கு அப்பால் கோட்டை வாசலில் நிற்கிறான். கல்லால் ஆன உடம்பு. துஷாந்தின் அம்பு பட்டுத் தெறித்தது. நான் பாலத்தின் நடுவே நிற்கிறேன், கோடரி எட்டாது. அரக்கன் பாறையைப் பிடுங்கி வீசினான், என் குள்ளனுக்கு அரை உயிர் போய்விட்டது. இன்னொரு பாறை வந்தால் நாங்கள் முடிந்தோம். இப்போது வெள்ளைத்தாயியின் முறை. ஜூட் போனை எடுத்து மணியை வைத்தான். வாள்காரியின் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

சுதர்ஷினி தேடவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து ஓர் அட்டையைத் தள்ளினாள். "மாயத் தோற்றம். பாலத்து நடுவுல நம்ம பக்கம் ஒரு படையே வந்து நிக்குது. அரக்கனப் பாத்துப் பல்லக் காட்டிச் சிரிக்குது."

மணி அடிக்கவில்லை. ஜூட் தாயக்கட்டையை உருட்டினான். அரக்கன் ஏமாந்துவிட்டான். ஆத்திரத்தோடு பாறையைப் போட்டுவிட்டு, அந்தப் படையை மிதித்துக் கொல்லப் பாலத்தில் ஓடிவந்தான். பாலம் எங்களோடு சேர்ந்து ஆடியது.

"ஏய், அவன நம்மகிட்டயே கூட்டியாந்துட்டியே!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே." மறுபடி அவள் முறை வந்தது. முதல் வரிசையிலிருந்து ஓர் அட்டை. "தீ மந்திரம். அரக்கன் மேல இல்ல. பாலத்துக் கயித்து மேல."

"நாங்களும் பாலத்துலதான் நிக்கிறோம்!" துஷாந்த் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

"தெரியும் தம்பி."

கயிறு எரிந்து அறுந்தது. பாலம் தொங்கிப் பள்ளத்தில் விழுந்தது. அரக்கன், குள்ளன், வில்லாளி, வெள்ளைத்தாயி எல்லாரும் விழுகிறோம். ஜூட் "அடியில பாறைங்க..." என்று வாயைத் திறப்பதற்குள் அந்த ஓரத்து அட்டை நடுமேசைக்கு வந்துவிட்டது. விழுகிற அந்தக் கணத்திலேயே சொல்லக்கூடிய மந்திரம் அது ஒன்றுதான்.

"இறகு. எனக்கு, அண்ணனுக்கு, தம்பிக்கு. அரக்கன் பேர் இதுல இல்ல."

ஜூட் அரக்கனுக்காகத் தாயக்கட்டையை எடுத்தான், பாறை விளிம்பைப் பிடித்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்க. எல்லாருக்கும் தெரிய உருட்டினான். கட்டை மேசை நுனிவரை ஓடி நின்றது. இருபதுக்கு வெறும் மூன்று.

கல்லால் செய்த உடம்பு கல்லாகவே போய்ச் சேர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அதற்கு மேலே, பனி இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கினோம். நான் போட்ட கூச்சலில் கீழே பேக்கரிக்காரர் படியேறி வந்துவிட்டார். துஷாந்த் மேசையை அடித்து அடித்துச் சிரித்தான். ஐந்து ஞாயிறு நகராத சண்டை முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. சுதர்ஷினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? நான் எழுதிய வாள்காரியின் தாளில் நாங்கள் வடை வைத்துத் தின்றோம்.

ஜூட் போன் மணியை நிரந்தரமாக நிறுத்திவிட்டு, கதையைத் தொடர்ந்தான். "பள்ளத்துலயே ராத்தங்குறீங்க. பொழுது விடியுது. கோட்டை தெறந்து கெடக்கு. உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. என்ன செய்றீங்க?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்தோம். கண்டாக்கு இல்லை, யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வரிசையா நில்லுங்க!"

அவள் சொன்னது அட்டைகளுக்குத்தான். ஆனால் துஷாந்த் நிற்கிறான், ஜூட் நிற்கிறான், வாசலில் பேக்கரிக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். குனிந்து பார்த்தால், நானும் நாற்காலியை விட்டு எழுந்து நேராக நின்றுகொண்டிருந்தேன்.