கூசுதோ, நோகுதோ

ரைன் நதிக்கரையில் ஒரு சிறிய ஊரில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில், இப்போது எனக்கென்று ஒரு சிகிச்சை அறை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே காத்திருப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்காமல் வருவார்கள். வரவேற்பில் இருக்கும் ஜேர்மன் பெண் இன்று நேரமில்லை என்று சொன்னால், உள்ளே இருப்பது எங்கட பிள்ளை தான் என்று அவளுக்குத் தமிழிலேயே விளக்குவார்கள். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து முறைப்பேன். பிறகு எப்படியோ பார்த்து அனுப்பிவிடுவேன். எனக்கு ஒரே ஒரு வாய் தேவைப்பட்ட காலத்தில் கையை விரித்தவர்களும் இதே ஆட்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அவர்களையும் மறக்க விடுவதில்லை.

பல் வைத்தியம் படிக்கும் எவருக்கும் முதல் நோயாளி ஒரு பிளாஸ்டிக் தலை. அது அழாது, துப்பாது, நேரத்தைக் கேட்காது. அதோடு போதிய காலம் குடித்தனம் நடத்தியபிறகுதான் உயிருள்ள மனிதர்களிடம் எங்களை விடுவார்கள். நான் படித்த இடத்தில், அந்த மனிதர்களையும் பெரும்பாலும் நாங்களேதான் தேடிக்கொண்டு வரவேண்டியிருந்தது. சோதனைக்கு ஏற்ற பல்லோடு ஒரு நோயாளி கிடைக்காவிட்டால் அந்த அரையாண்டுப் பருவம் முழுவதும் வீண். என்னோடு படித்த ஒருத்தியின் தகப்பன் வக்கீல். அவருடைய அலுவலகமே வரிசையில் வந்து அவளுக்கு வாயைத் திறந்தது. இன்னொருவனுக்கு ஒரு காற்பந்துக் கழகம் முழுவதும் இருந்தது. எனக்கு அப்படி யாரும் இல்லை.

நான் பான் நகரத்தில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே சுற்றுப்பாதையால். நாலாம் வகுப்பு முடிவில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியுள்ள பள்ளிக்கூடம் எனக்குச் சரிவராது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அம்மாவும் அப்பாவும் ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள், தலையாட்டிவிட்டு வந்தார்கள். ஆகவே பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். அங்கே எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எரிச்சல். அந்த வேலை பிடிக்காமல் இல்லை. குழாயின் மறுபக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் எரிச்சலாக வந்தது. மாலைப் பள்ளியில் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய உயர்தரம் எடுத்தேன். இடம் கிடைத்தது.

முதல் வருடங்களில் பின்னேரம் பேக்கரியில் நின்று பாண் விற்றேன். வகுப்பில் கண் சொருகியது, ஒரு சோதனையில் கோட்டைவிட்டேன். அப்பா பார்சல் தரம் பிரிக்கும் இடத்தில் வேலை, அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார். அவர்களிடம் கேட்க எனக்கு வாயும் வராது, கேட்டால் அவர்களிடம் இருக்கவும் இருக்காது. அப்போதுதான் அந்த ஸ்ரிபெண்டியம் கிடைத்தது. திறமையுள்ள மாணவர்களுக்கான உதவித்தொகை என்று அதற்குப் பெயர். போதிய அளவு தூங்கக் கிடைப்பதும் திறமைக்குள் அடங்கும் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பேக்கரியை விட்டேன். என் சொந்தக் கருவிப் பெட்டியை வாங்கினேன். புள்ளிகள் ஏறின. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. படிப்புக்கென்று விதித்த பருவங்கள் முடிந்தால் உதவியும் முடியும். ஒரு பருவம் பிந்தினால், கடைசிப் பரீட்சைக் காலம் முழுவதும் நான் கையில் ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும். அதன்பிறகு படிப்பை முடிப்பேனா என்பதே சந்தேகம்.

கடைசி மருத்துவப் பயிற்சியின் செய்முறைச் சோதனைக்கு எனக்கு ஒரு ஆழமான சொத்தைப் பல் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பல் உள்ளே உயிரோடு இருக்க வேண்டும். செத்த பல் என்றால் அது வேறு சிகிச்சை, வேறு சோதனை. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். எல்லோருக்கும் பல் கொதியும் வலியும் இருந்தது. என்னிடம் காட்டத்தான் ஒருவரும் இல்லை. படிச்சு முடியட்டும் பிள்ளை, முதல் டெர்மின் எங்களுக்குத்தான் என்றார்கள். என்னைத் தொட்டிலில் பார்த்த ஒரு மாமா, என்னைக் கண்டதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டே கதைத்தார்.

கடைசியில் வந்தது ஒரு அன்ரி. மன்னாரிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவர், அம்மாவோடு பாடற்குழுவில் பாடுபவர். நான் கேட்கவே இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வாயைத் திறந்து கீழ்க் கடைவாயைக் காட்டினார். "இது உனக்குக் காணுமோ எண்டு பார்" என்றார். பார்த்தேன். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவு அழகான சொத்தை.

முன்பரிசோதனையில் அந்தப் பல்லில் குளிர் வைத்துப் பார்த்தேன். குளிரூட்டும் மருந்தைப் பஞ்சில் தெளித்துப் பல்லில் வைப்பது எங்கள் வழக்கம். உயிருள்ள பல் துள்ளும், செத்த பல் சும்மா இருக்கும். அன்ரி கதிரையில் ஒரு சாண் எழும்பி, கூசுது பிள்ளை என்றார். மேற்பார்த்த வைத்தியர் ஒப்பம் வைத்தார். நான் வீட்டுக்குப் போய் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சோதனை நாளில் அன்ரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். கலியாண வீட்டுக்குப் போவதுபோலத் தலையில் பூ மட்டும்தான் இல்லை. சேலைக்கு மேல் கடதாசித் துண்டைக் கட்டிவிட்டேன். பரீட்சை நடத்திய பேராசிரியை நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மனிசி. தொடங்குவதற்கு முன்னால் பல் உயிரோடு இருப்பதைத் தன் கண்முன்னே காட்டச் சொன்னார். அன்ரியிடம் ஜேர்மனில், வலித்தால் கையை உயர்த்துங்கள் என்றார். அன்ரி தலையாட்டினார்.

நான் பஞ்சை வைத்தேன். கை எழும்பவில்லை.

மருந்து போதவில்லையோ என்று இன்னும் தெளித்து மறுபடி வைத்தேன். அன்ரியின் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை, படத்துக்கு இருப்பவர் மாதிரி இருந்தார். வலிக்கிறதா என்று பேராசிரியை கேட்டார். இல்லை என்றார் அன்ரி, தெளிவான ஜேர்மனில். பேராசிரியை என்னைப் பார்த்தார். முன்பரிசோதனைக்கும் இன்றைக்கும் இடையில் பல் செத்துவிட்டதா? அப்படி நடப்பது உண்டு. நடந்திருந்தால் இந்தப் பல் எனக்கு உதவாது, பருவம் போச்சு, உதவித்தொகை போச்சு. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துப் பல்லில் வைக்கச் சொன்னார் பேராசிரியை. அது முழு ஆரோக்கியமான பல். அதற்கும் கை எழும்பவில்லை. மறுபக்கத்துப் பல்லில் வைத்தேன். அதுவும் செத்த பல் போலவே இருந்தது. இந்த நோயாளியின் பதில்களை நம்பிச் சோதனை நடத்த முடியாது என்று பேராசிரியை கட்டையாகச் சொன்னார்.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். செருப்புக்குள் அன்ரியின் கால்விரல்கள் இறுக மடங்கியிருந்தன. நான் பஞ்சை எடுத்ததும் அவை மெல்ல விரிந்தன. பல் செத்ததாவது மண்ணாவது. அன்ரி எனக்காகத் தாங்கிக்கொண்டு இருக்கிறார்.

சோதனை நேரத்தில் நோயாளிக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது. பேராசிரியைக்கு விளங்காத மொழியில் கதைத்தால் சொல்லிக் கொடுத்ததாகவே ஆகிவிடும். ஆனாலும் விடக்கூடாது என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால்தான் வாய் ஒழுங்காக வேலை செய்யும். தமிழில் ஒரேயொரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, முதலில் அதைத் தனக்கு ஜேர்மனில் சொல்லச் சொன்னார்.

சொல்ல வாயைத் திறந்தேன். பல் கூசுதோ என்பதற்கு ஜேர்மனில் என்ன? அந்த நேரம் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை. கூச்சம் என்றதும் சின்ன வயதில் என்னைப் பற்றி எல்லோரும் சொன்ன அந்த ஜேர்மன் சொல்தான் நாக்கில் வந்து நின்றது.

"பல்லுக்கு வெட்கமாக இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

பேராசிரியையின் புருவம் மேலே போனது. பக்கத்தில் நின்ற உதவியாளர் முகக்கவசத்துக்குள் இருமினார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. பிறகு விளக்கினேன். எங்கள் மொழியில் வெட்கப்படுவதற்கும், குளிர் பட்டுப் பல் சில்லிடுவதற்கும் ஒரே சொல். வலி என்பது அதிலிருந்து வேறு. நீங்கள் வலிக்கிறதா என்று கேட்டீர்கள், அவர் வலிக்கவில்லை என்றார். அது பொய் இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்றேன். பேராசிரியை பேனையை மேசையில் வைத்தார். கேளுங்கள் என்றார்.

"அன்ரி, நோகுதோ எண்டு இல்லை. கூசுதோ?"

"கூசாமல் என்ன" என்றார் அன்ரி. "அவ நோகுதோ எண்டு தானே கேட்டவ. கூசுறதையெல்லாம் சொல்லி, பிள்ளை நோகப் பண்ணுறாள் எண்டு உன்ர புள்ளியைக் குறைக்கவோ?"

அதை அப்படியே மொழிபெயர்த்தேன், புள்ளி குறைப்பது உட்பட. சிக்கனக்காரப் பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். அன்ரியின் கையைத் தொட்டு, நீங்கள் எதை உணர்ந்தாலும் கையைத் தூக்குங்கள், தூக்கினால்தான் இவளுக்குப் புள்ளி என்றார். பிறகு, நான் தலையிட்டுவிடக்கூடாது என்றோ என்னவோ, பஞ்சைத் தானே எடுத்தார். எந்தப் பல் என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக வைத்தார். சிலவற்றில் வெறும் பஞ்சைத்தான் வைத்தார். குளிர் பட்ட நேரம் மட்டும் அன்ரியின் கை, வளையல்கள் கலகலக்க, கூரையைப் பார்த்து எழும்பியது. பேராசிரியை பதிவில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். பல் உயிரோடு இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பயமே வரவில்லை. விறைக்கும் ஊசி போட்டேன். சொத்தையைச் சுரண்டிக்கொண்டு நரம்புக்கு மிகக் கிட்டப் போனேன். அந்த அளவு நிதானமான கை எனக்கு இருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. மருந்து வைத்து, பல்லை அடைத்து, மேடு பள்ளம் செதுக்கி, மினுக்கி முடித்தபோது அது புதுப்பல்லாக இருந்தது. பேராசிரியை கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பல்லைச் சோதிப்பதற்கு முன்னால் சொல்லைச் சோதித்தீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் புள்ளி என்று சொல்லி, கிடைக்கக்கூடிய மிக நல்ல புள்ளியைப் போட்டார். கடைசிப் பரீட்சை வரைக்கும் என் உதவித்தொகை நிற்கும். நான் பல் வைத்தியராவேன். நடைபாதைக்குப் போகும் கதவைத் திறக்கும்போது எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

அன்ரி நடைபாதையில் கிடந்த நீள வாங்கில் பட்டுச்சேலையோடு இருந்தார். கீழுதடு பாதி விறைத்து ஒரு பக்கம் தொங்கியது. அந்த உதட்டால் பகரம் வரவில்லை.

"ஹாஸோ?" என்றார்.

"ஓம் அன்ரி, பாஸ்."

கையிலிருந்த பை கீழே விழுந்ததையும் பார்க்காமல் எழும்பி என் முகத்தைப் பிடித்துக் கொஞ்சினார். பிறகு ரெலிபோனை எடுத்தார். நான் யாருக்கும் சொல்வதற்கு முன்னால் பாடற்குழு, முதியோர் இல்லத்துச் சமையலறை, கனடாவில் தமக்கை என்று எல்லோருக்கும் அந்தத் தொங்கும் உதட்டோடு சொல்லிக்கொண்டே போனார். நான் பாஸ் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாங்கள் ஹாஸ், நாங்கள் ஹாஸ் என்றுதான் சொன்னார். பள்ளிக்கூடம் போகும் வயதில் இடம்பெயர்ந்து, எந்தச் சோதனையும் எழுதக் கிடைக்காத மனிசி அவர். வாங்கில் இருந்து நான் வாய்விட்டு அழுதேன், சந்தோசத்தில் அவ்வளவு அழலாம் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, நீயும் உன்ர வாயால ஒருக்காச் சொல்லு என்று ரெலிபோனை என் கையில் தந்தார்.

அம்மா மறுபக்கத்தில் காத்திருந்தார்.

"நாங்கள் பாஸ், அம்மா" என்றேன்.