பதினேழாம் கட்டில் கயிறு

மாசி மாதம் மூன்றாம் புதன்கிழமை மார்க்கையன்கோட்டையிலிருந்து கம்பத்துக்குப் போய் வந்தேன். அங்கே காய்ச்சல் முகாமில் ஊழியர்கள் நாற்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதை முகாமை நடத்துகிற நிவாரணச் சங்கத்தார் எப்படிக் கையாண்டார்கள் என்று விசாரிக்க மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். அந்த நாட்களில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் நேரில் வந்து பேசலாம் என்று ஊரில் தமுக்கடித்தார்கள். உங்களிலும் பலர் போக வேண்டியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஏலமலைக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு இறங்கியவர். மார்கழியில் அந்த முகாமில்தான் இறந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு நான் பார்க்கப் போயிருந்தேன். உறவு என்று சொல்லி வேலைநிறுத்தக்காரர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள் என்று வாசலைப் பூட்டி வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர், உள்ளே தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை, எல்லாரும் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தச் சொல்லோடுதான் இரண்டு மாதம் கிடந்தேன். கடைசியில் அவர் வாய் நனைந்ததா இல்லையா, எனக்கு அது தெரிய வேண்டும். வெளியே உட்கார்ந்தவர்கள் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்கவும் வேண்டும்.

விடியக் கிளம்பிச் சின்னமனூருக்கு மூன்று மைல் நடந்தேன். ஏழு மணிக்குக் கம்பம் பஸ். பன்னிரண்டு மைல், ஆறணா. பெட்ரோல் கிடைக்காததால் இன்னும் கரியில்தான் ஓட்டுகிறார்கள். பின்பக்கம் அடுப்பு இருக்கும், அந்தப் பக்கம் உட்காராதீர்கள், சேலையெல்லாம் கரி. உத்தமபாளையம் தாண்டி ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பருத்த வியாபாரி ஒருவர் மட்டும் இறங்குவதா வேண்டாமா என்று யோசித்தபடி இருந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "மொதலாளி, நீங்க தள்ள வேணாம். எறங்குனாலே போதும், வண்டி தானா ஏறிரும்" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேட்டில் நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் மலை, நடுவே அறுப்புக்கு நிற்கிற நெல் மஞ்சளாகக் கண்ணெட்டிய தூரம் வரை. இவ்வளவு அழகான இடத்திலா இத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்று மலைத்துப் போனேன்.

ஒன்பதே காலுக்குக் கம்பம். அங்கிருந்து கூடலூர் சாலையில் இரண்டு மைல். மாட்டுவண்டிக்கு மூன்றணா கேட்டார்கள், நான் நடந்துவிட்டேன். வாய்க்கால் கரையில் நீளமான கீற்றுக் கொட்டகை. அதுதான் முகாம்.

விசாரணை என்றால் மேசை நாற்காலி போட்டு நடக்கும் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மாவோ கட்டில் கட்டிலாக நடந்து வருகிறார். இறந்தவர் கிடந்த கட்டிலருகே அவர் சொந்தக்காரர் நிற்க வேண்டும். சங்கத்துச் செயலாளரும் ஊழியர்கள் பக்கம் ஒருவரும் எதிரே நிற்க வேண்டும்.

என் முறை வந்தபோது, "உங்கள் வீட்டுக்காரர் பெயர்?" என்று கேட்டார். வாயில் வரவில்லை. கட்டியவர் பெயரை எப்படிச் சொல்வது? ஊழியர்கள் பக்கம் எதிரே நின்றவள் பேச்சியம்மாள், நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்து வந்தவள்; அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். பதினேழாம் கட்டில் என்றும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரைத் திட்ட வந்தேனோ அவள் வாயில் அவர் பெயர்.

பிறகு அவள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஊழியர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கட்டிலுக்கு ஒரு கயிறு, நோயாளி மருந்தும் கஞ்சியும் குடித்ததைக் கண்ணால் பார்த்தால் ஒரு முடிச்சு. அதுதான் அவர்கள் வழக்கமாம். வேலைநிறுத்தத்தின்போது சங்கத்தார் புதிதாகப் பிடித்து வந்த ஆட்கள், இதென்ன அழுக்கு என்று அறுத்து எறிந்துவிட்டார்கள். இவர்கள் பொறுக்கி வந்து, வாசலுக்கு எதிரே தாங்கள் உட்கார்ந்திருந்த புளியமரத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் நடந்தபோதும் வாய்க்கால் பக்கம் கீற்றைப் பிரித்து மூன்று வேளையும் யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்து, கொடுத்துவிட்டு வந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா, மருந்து கொடுத்ததை எழுதிய சங்கத்துப் புத்தகத்தை நாள் நாளாக வாசிக்கச் சொல்லிக் குமாஸ்தாவிடம் சொன்னார். பேச்சியம்மாள் கயிற்றில் விரலை நகர்த்தினாள். புத்தகத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. கயிற்றில் ஓரிடத்தில் ஒரு சாண் வெறும் கயிறு.

"இது என்ன?" என்றார் டாக்டரம்மா.

அவள் மறைத்திருக்கலாம். வேலைநிறுத்தம் முடிந்தும் சங்கம் இவர்களை இன்னும் திரும்ப எடுக்கவில்லை; வேலை திரும்பக் கிடைப்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

"ரெண்டு நாளு நாங்க போகல. உள்ள போனா வேலைநிறுத்தம் உடைஞ்சுரும்னு கூட்டத்துல முடிவு பண்ணுனாக. நானும் கை தூக்குனேன்." என்னைப் பார்த்தாள். "அந்த ரெண்டு நாள்லதான் இவுகளுக்குக் காய்ச்சல் ஏறிருச்சு ஆத்தா. மூணாம் நா காலையில மனசு கேக்காம ஓடுனேன். இவுகளால எந்திரிக்க முடியல. மடியில சாச்சு வாய நனைச்சேன். ரெண்டு மடக்கு எறங்குச்சு. இந்தா, இதுதான் அந்த முடிச்சு."

கடைசி முடிச்சு. சின்னதாக இருந்தது.

புத்தகம் வாசித்த குமாஸ்தா நிறுத்தாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இறந்த மறுநாளும் பதினேழாம் கட்டிலுக்கு மூன்று வேளை மருந்து கொடுத்ததாக இருந்தது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். புது ஆட்கள் எழுதியதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், வாசலைப் பூட்டச் சொன்னதும் நான்தான் என்றார். வேலைநிறுத்தத்துக்கு அடிப்படையான சண்டையையும் அவரே சொன்னார்: இங்கே வேலை பார்த்துக் காய்ச்சல் கண்ட ஊழியருக்கு இங்கே கட்டில் கொடுக்க மாட்டோம் என்று சங்கம் சொன்னதுதானாம். தன் குற்றத்தைத் தானே எடுத்து வைக்கிற மனுஷர்களை, அதுவும் இரண்டு பக்கமும், நான் அதுவரை கண்டதில்லை.

டாக்டரம்மா என்னிடம் கேட்டார், இவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாமா என்று. திட்டக் கொண்டு போன வார்த்தைகளை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னேன்:

"அந்த ரெண்டு நாளுக்கு எம்மனசு ஆறாதும்மா. ஆனா இவுக இல்லேன்னா இங்கன யாரு முடிச்சுப் போடுவாக?"

அவர் எழுதிக்கொண்டார். காய்ச்சல் கண்ட ஊழியருக்கும் கட்டில் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மற்ற தீர்ப்பு பங்குனியில்.

போகிறவர்களுக்கு: புதனும் சனியும் விசாரணை உண்டு. பத்து மணிக்குள் போய்விடுங்கள். திரும்பக் கடைசி பஸ் நாலு மணிக்கு. சோறு கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை இல்லை. கட்டில் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேச்சியம்மாளிடம் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்ல முடியாதவர்கள் ஆளை அடையாளம் சொன்னாலே அவளுக்குத் தெரியும். உங்கள் கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். முடிச்சையும் பாருங்கள், வெறும் இடத்தையும் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டால் தருகிறார்கள். நான் கேட்கவில்லை. விசாரணை முடிகிறவரை அது அங்கேயே இருக்கட்டும்.