அம்மாவை அழைத்த உறைபெட்டி

வைரஸ்களின் சொந்த மரபணுக்களை அகற்றி, நோயாளிக்குத் தேவையான மரபணுவை அவற்றில் ஏற்றும் ஆய்வில் மூத்த மகளுக்கு ஒன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. அத்தனை உழைப்பும் ஆய்வகத்தின் ஓர் உறைபெட்டிக்குள் இருந்தது. குளிர் குறைந்தால் அது தானாகவே கைப்பேசியில் அழைத்துப் பேசும். மகள் எடுக்காவிட்டால், அடுத்த அழைப்பு அம்மாவுக்கு.

ஒரு நண்பகல், மகள் விமானத்தில் இருந்தாள்.

"வெப்பநிலை மைனஸ் அறுபது."

"எண்பதுல இருக்க வேண்டியவனுக்கு இப்ப என்னடா கேடு?" என்றாள் அம்மா.

"மைனஸ் ஐம்பத்தெட்டு."

"வாய்க்கு வாய் பேசாத. வர்றேன்!"

ஆய்வகக் காவலாளியுடன் உள்ளே போனபோது உறைபெட்டியின் கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. அம்மா அதை அழுத்தி மூடி, முதுகைக் கொடுத்து நான்கு மணி நேரம் நின்றாள்.

"மைனஸ் எண்பது," என்றது கைப்பேசி.

தரையிறங்கியதும் பதறி அழைத்த மகளிடம் அம்மா சொன்னாள்: "பயப்படாத. பய அடங்கிட்டான்."