போதும் என்று நான் சொன்ன கயிறு

படகின் முன்பெட்டிக்குள் நங்கூரத்தின் மிச்சக் கயிறு சுருண்டு கிடந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. முப்பது முழத்துக்குக் குறையாது. அது பெட்டிக்குள் கிடக்கக் கூடாது, தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்தப் படகில் நான் ஒருவன்தான்.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், தோணி வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்தேன், டாக்டரையா என்பார்கள். ஐம்பதுகளில் கல்லோயா ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய புதுக் குளம் நிரம்பியதும், தோட்டத்தை நடத்திய எங்கள் துரை ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி அங்கே விட்டார். காற்றையும் பாயையும் பற்றிப் பேச அவருக்கு என்னை விட்டால் தோட்டத்தில் ஆளில்லை. மூன்று வருடம் ஜீப்பின் முன் சீட் எனக்குத்தான். பிறகு தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்துவதைப் பார்த்துக்கொள்ளப் புது டீமேக்கர் வந்தார். தோட்டத்திலேயே பிறந்து பதுளையில் படித்த கிறிஸ்தவர். கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தார். துரை ஒருநாள் பேச்சுவாக்கில் அவரையும் கூப்பிட்டார். இரண்டாம் பயணத்திலேயே சுக்கான் அவர் கைக்குப் போனது. அவர் சொல்வதற்குத் துரை வாய்விட்டுச் சிரிப்பார்; நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். மூன்றாம் பயணத்தில் முன் சீட்டும் போனது. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை போட்டு அதை அலங்கரிக்க நான் தயாரில்லை.

அன்று நாங்கள் போன இடம், குளத்தில் மூழ்காமல் தப்பித் தீவாக நின்ற ஒரு மலைத்தலை. அதன் மேற்குப் பக்கத்தில் பிறை போல ஒரு குடா. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் மேற்கே மறைப்பு எதுவும் இல்லை. மத்தியானம் சாய்ந்தால் மேற்கிலிருந்து கச்சான் காற்று நேரே உள்ளே அடிக்கும். கரையோரமெல்லாம் தண்ணீரில் செத்த மரங்களின் கட்டைகள். துரை ஒரு பாறையில் இறங்கி, கேமராவோடு மேலே ஏறினார். நங்கூரம் போடும் பொறுப்பை டீமேக்கரிடம் விட்டுப் போனார். என்னிடம் அல்ல.

ஆழம் இரண்டு ஆள் இருக்கும். அதைப்போல ஐந்தாறு மடங்கு கயிறு விட்டால்தான் இழுப்பு தரையோடு படிந்து வந்து, நங்கூரத்தின் நகம் மண்ணைக் கவ்வும். குட்டையாகக் கட்டினால் படகு எழும்போதெல்லாம் அதை மேலே பிடுங்கும். அவருக்கோ மலைப் பழக்கம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சரிவில் மாட்டைக் குட்டையாகத்தான் கட்டுவார்கள். கயிறு நீண்டால் மாடு சறுக்கிப் போய்த் தொங்கிவிடும். நங்கூரம் தரையைத் தொட்டதும் மேலும் இரண்டு முழம் மட்டும் விட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவர் திரும்பினார்.

"டாக்டரையா, இவ்வளவு போதுங்களா?"

"ஓம், காணும். கட்டும்" என்றேன்.

படகு கொஞ்சம் நகர வேண்டும், துரை மேலிருந்து பார்த்து இவரைத் திட்ட வேண்டும். நான் விரும்பியது அவ்வளவுதான். அவர் கட்டிவிட்டு வந்து, மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த ஒரே முட்டையை என் பக்கம் வைத்தார். தின்றேன்.

காற்று வந்தது. கரையில் ஒரு பாறையையும் அதன் பின்னால் நின்ற மரத்தையும் நான் குறி வைத்திருந்தேன். இரண்டும் விலகத் தொடங்கின. நங்கூரம் இழுபடுகிறது. அப்போதாவது கயிற்றை விடச் சொல்லியிருக்கலாம். துரை இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கத்தியபோது படகின் பின்பக்கம் கட்டைகளை நெருங்கிவிட்டது. கடலில் வளர்ந்தவன் துடுப்பை நீட்டியிருப்பான். அவர் கட்டையைத் தள்ளக் கையை நீட்டினார்.

வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. பதுளை ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள். வாடிய கொழுந்தை உள்ளங்கையில் அள்ளி அமுக்கிப் பார்த்தே பதம் சொல்கிற கை அது. பிறகு அவர் இடது கையைப் பழக்கினார். அந்த வருடம் முழுவதும் எங்கள் தேயிலை ஒரே தரமாக வரவில்லை என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தபடி இருந்தது. புண்ணுக்கு மருந்து கட்டியது நான்தான். "நீங்க பக்கத்துல இருந்ததுனால பொழச்சேன்யா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

எனக்கு இப்போது எண்பது நடக்கிறது. பொய் சொன்னதற்கு வெட்கப்பட்டாயிற்று. அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. துரை மலையிலிருந்து ஓடி வந்து, கரையோரம் ஒதுங்கிய படகில் ஏறி, கயிற்றை ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டார். துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு டீமேக்கர் சொன்னார்: "என் தப்புங்க தொரை. மாட்டக் கட்டுற மாதிரி கட்டிட்டேன்." என்னிடம் கேட்டுத்தான் கட்டினார் என்பதை அவர் சொல்லவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. துரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டார். டீமேக்கருடைய ரத்தம் என் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை ஒருநாளும் துரை அப்படி அணைத்ததில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.