மாமி வைத்த பொறி

ஷெட்டின் உள்சுவரில், மண்வெட்டிக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் அந்த இரும்புப் பொறி தொங்குகிறது. பெரிய இடுக்கி மாதிரி இரண்டு கால்கள், நடுவில் ஒரு தகடு, மேலே விறைத்த ஸ்பிரிங். இங்கே வெள்ளைக்காரர்கள் மோல் என்று சொல்லும், மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும் அகழெலியைப் பிடிக்க என் கணவர் வாங்கியது. நான் மருந்துக் கடையில் வேலை செய்பவள், சகுனம் பார்க்காதவள் என்று வீட்டில் பெயர். ஆனாலும் ஷெட்டுக்குள் போனால் அந்தச் சுவரைப் பார்க்காமலே தேவையானதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

தோர்ண்டன் ஹீத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருடம் நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தரம் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தரம் பிள்ளையோடு நெருப்பையும் சேர்த்து வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன். குளியலறைக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். எங்களோடு இருந்த மாமி, கணவரின் தாய், என்னைவிடப் பயந்தார். ஆனால் அவருடைய பயத்துக்குச் சட்டதிட்டம் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது, கொன்றால் பழி வயிற்றுப்பிள்ளையின் மேல் விழும் என்பது அதில் முதற்சட்டம். சுவரில் சிலந்தியைக் கண்டால் என் கணவர் தாயைக் கூப்பிட வேண்டும். மாமி அதைக் கோப்பையில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, அதனிடம் ஏதோ புத்திமதியும் சொல்லி அனுப்புவார்.

இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான் பின்வேலிக்கு அப்பால் இருந்த பார்க்கிலிருந்து அகழான் வந்து சேர்ந்தது. மாமி அதை அப்படித்தான் அழைத்தார். காலையில் எழும்பிப் பார்த்தால் புல்தரையில் புதிய மண்கும்பிகள். கணவர் பொறி வாங்கி வந்தார். மாமி பார்த்த பார்வையில் அது நேரே ஷெட்டுக்குப் போயிற்று. பிறகு வைத்தியம் மாமியின் கையில். உள்ளிப்பூண்டுப் பல்லை மண்ணில் தாட்டார், பூச்சி உருண்டை போட்டார், பழைய ரேடியோவைப் பொலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் வைத்து நாள் முழுக்கப் பாடவிட்டார். அகழானுக்குத் தமிழ்ப் பாட்டுப் பிடித்துப்போயிற்று போலும், கும்பிகள் கூடின. நான் சிரித்தேன். அந்த வருடத்தில் நான் சிரித்தது அவ்வளவுதான்.

உடுப்புக் காயப்போடப் போன ஒரு மத்தியானம், பச்சைப் புல்லாகத் தெரிந்த இடம் காலுக்குக் கீழே உள்வாங்கியது. அது அகழானின் சுரங்கம். பக்கவாட்டில் விழுந்தேன். நோகவில்லை. ஆனால் பின்னேரம் வரை பிள்ளை அசையவில்லை. இடப்பக்கம் சரிந்து படுத்தேன், இனிப்பாகக் குடித்தேன், வயிற்றைத் தட்டிக் கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் தாதி துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்தித் தேடிய நேரம் என் வாழ்க்கையிலேயே நீண்ட நேரம். துடிப்புக் கேட்டபோதுகூட நம்ப முடியவில்லை, திரும்பவும் வைக்கச் சொன்னேன். அன்றிரவு கண்காணிப்புக்கென்று என்னை அங்கேயே மறித்துவிட்டார்கள், கணவரும் கூட இருந்தார்.

அடுத்த நாள் திரும்பி வந்தபோது புல்தரை மட்டமாக இருந்தது. மாமி தலை முழுகிய ஈரத்தோடு தோட்டக் குழாயடியில் நின்றார். வலக்கைப் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷி அவர்.

"உன்ரை மனுசன் தொடேல்லை, பிள்ளை. நான்தான் பொறியை வைச்சனான்," என்றார். "பாவம் எண்டால் என்னட்டை வரட்டும். உன்ரை வயித்துக்குப் போகாது."

செத்ததைக் காட்டவில்லை. அதன் கை பச்சைப்பிள்ளையின் கை மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மிச்ச மாதங்களில் எனக்கு அந்தக் கைதான் நினைவில் நின்றது. ஸ்கான் எடுத்தவளிடம் பிள்ளையின் விரல்களைக் காட்டச் சொன்னேன். மகள் பிறந்ததும் மாமி முகத்தைப் பார்க்கவில்லை, துணியை விலக்கி விரல்களைத்தான் எண்ணினார். பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் எனக்குச் சொல்வார்.

போன வருடம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. கட்டிலருகே போய் நின்றேன். இடக்கையால் அந்தக் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"வந்திட்டுது, பிள்ளை. இந்தக் கைக்குத்தான் வந்தது," என்றார். கோணிய வாயால் சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் சிரித்து நான் கண்டதில்லை.

பிரஷர் என்று டொக்டர் சொன்னார். மாமி குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்த நேரம், பல வருடமாகச் சுமந்த பயம் என்னை விட்டுப் போயிற்று. மகள் தப்பிவிட்டாள் என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன். சில மாதத்தில் மாமி போய்விட்டார்.

இந்தக் கிழமை புல்தரையில் மறுபடி மண்கும்பி. இன்று வேலையால் வந்து பின்கதவைத் திறந்தால், மகள் அந்தப் பொறியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அம்மா, நான் வைக்கிறன். வீடியோவில பாத்தனான், ஈசி," என்றாள்.

"நீ தொடாதை. வைக்கிறதெண்டால் நான் வைக்கிறன்," என்று பறித்தேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு விளங்கியது.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பொறி என் வலக்கையில் இருந்தது. நினைத்ததைவிடப் பாரம். அதை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தேன்.