அவுக என்று யாரைச் சொன்னாள்

அந்த நிகழ்ச்சியைத் திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு எபிசோடுகூடப் பார்க்காமல் கலாச்சாரம் கெட்டுப்போச்சு என்று வாட்சப்பில் பத்தி பத்தியாக எழுதுகிற மாமாக்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நான் பள்ளிக்கூடத்துச் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்து முதல் சீசன் பார்த்தவள். காலேஜ் முடித்து, மூன்று வேலை மாறி, இப்போது தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அது இன்னும் ஓடுகிறது, நானும் இன்னும் பார்க்கிறேன். அதனால்தான் எனக்கு வந்த கோபம் மாமாக்களின் கோபம் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை இழுத்தால் வருமே, அந்தக் கோபம்.

தெரியாதவர்களுக்காக: கல்யாணமாகாத பையன்களும் பெண்களும் ஒரு பெரிய வீட்டில் தங்குவார்கள். போன் கிடையாது, வெளியுலகம் கிடையாது. வாரக் கடைசியில் ஆளுக்கொரு சிவப்புக் கயிறு. மனசுக்குப் பிடித்தவர் கையில் கட்டலாம். கயிறு கிடைக்காதவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவ்வளவுதான் ஆட்டம். அதற்குள் எத்தனை அழுகை, எத்தனை பொய், எத்தனை நிஜம். எது நிஜம் என்று கண்டுபிடிப்பதுதான் ரசிகரின் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. ஒருத்தி போன எபிசோடில் போட்ட கம்மலை வைத்தே எந்தக் காட்சியை எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அம்மா பார்க்காத மாதிரியே பார்ப்பாள். பயறு புடைக்கிற சாக்கில் முறத்தோடு வந்து உட்கார்ந்து, "அந்தச் செவப்புச் சட்டக்காரன் சரியில்லடி" என்பாள். பெரும்பாலும் அவள் கணிப்புதான் பலிக்கும்.

போன சீசனில் எங்கள் கம்பத்துப் பெண் ஒருத்தியே அந்த வீட்டுக்குள் போனாள்.

எங்கள் தெருதான். திராட்சை வியாபாரம் செய்கிற வீட்டு மூத்த பெண். நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து அப்பாவின் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பன்னீர்த் திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மினி லாரியைத் தானே ஓட்டிக் குமுளி மலை ஏறி இறங்குவாள். பேரம் பேசிப் பேசி மலையாளம் தண்ணீராக வரும். நிகழ்ச்சிக்குப் போகப்போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் அப்பா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, போ, ஆனா டிவியில அழுதுறாத என்று மட்டும் சொன்னாராம்.

அவள் அழவில்லை. சிரிக்க வைத்தார்கள், அதாவது அவளை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தார்கள். "வெஞ்சனம் என்ன?" என்று சமையல்கட்டில் கேட்டாள். கீழே எழுத்தில் 'வெஞ்சனம் என்றால் பொரியல்' என்று போட்டு, பின்னால் வாத்து கத்துகிற சத்தம். தமிழ்ப் பெண் பேசுகிற தமிழுக்குத் தமிழில் உரை. அங்கன, இங்கன என்றால் ஒரு வாத்து. வந்தாக, போனாக என்றால் இரண்டு வாத்து. சரி, பொழுதுபோக்குத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் அவளுக்கு ஒருவனைப் பிடித்திருந்தது. கடலூர்ப் பக்கத்துக் கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டான். சாப்பாட்டு மேசையில் எப்போதும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் சொல்கிற லாரிக் கதைகளைக் கேட்பான். வாராவாரம் ஒருவருக்கொருவர் கயிறு கட்டிக்கொண்டார்கள். இது நிஜம் என்று எங்கள் ரசிகர் குழுவில் நான் அடித்துச் சொன்னேன். அம்மாவும் "இந்தப் பய பரவால்ல" என்றாள்.

அப்புறம்தான் அந்தத் துண்டுக் காட்சி வந்தது.

போட்டியாளர்கள் தனியாக உட்கார்ந்து கேமராவிடம் பேசுகிற அறை ஒன்று உண்டு. அதில் அக்கா சொல்கிறாள்: "அவுக கையால சாப்பிட்டாத்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கு. அவுக இல்லாம வீடே வீடு மாதிரி இல்ல." அவள் பேசப் பேசத் திரையில் யாரைக் காட்டுகிறார்கள் தெரியுமா? வாத்தியாரை இல்லை. வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்திருந்த ஒரு ஜிம் பையனை. அவன் ஒருநாள் எல்லோருக்கும் ஆம்லேட் போட்டான். அந்த ஆம்லேட்டையும் காட்டினார்கள். பின்னால் நாதஸ்வரம். வார இறுதியில் வீட்டுக்குள்ளேயே பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் இதைப் போட்டு, தொகுப்பாளர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "அவுகளாமே, அதுக்குள்ள புருஷனாவே ஆக்கிட்டீங்களா?" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தது தெரிந்தது. அங்கேயே விளம்பரம். திரும்பி வந்தபோது ஜிம் பையனின் ஜோடி அழுதுகொண்டிருந்தாள், வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் கயிற்றை யாருக்கும் கட்டவில்லை. அக்கா பெட்டியைத் தூக்கினாள்.

அவுக என்றால் யார்? எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பொஞ்சாதி புருஷனைச் சொல்வாள், வாஸ்தவம். ஆனால் கண்டக்டரும் அவுகதான். மாட்டு டாக்டரும் அவுகதான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற பாஸ்டரம்மாவும் அவுகதான். மூத்தவர்கள் எல்லோரும் அவுக. தன் வயசுப் பையனை, அதுவும் அடுத்தவள் ஜோடியை, எங்கள் ஊர்ப் பெண் செத்தாலும் அவுக என்று சொல்லமாட்டாள். அவன் 'அவன்'தான். அவள் சொன்னது அந்த வீட்டுச் சமையல்காரரை. கோட்டயத்துப் பெரியவர், எல்லோருக்கும் சேட்டன். அவர் லீவில் போன அன்றைக்கு அக்கா போட்டிருந்த மஞ்சள் சுடிதாரும் அந்தத் துண்டில் இருந்த மஞ்சள் சுடிதாரும் ஒன்று. ஆம்லேட் போட்ட அன்றைக்கு அவள் ஊதாவில் இருந்தாள். நான் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன்.

சென்னையில் உட்கார்ந்து வெட்டியவனுக்கு இது தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஆட்களுக்கு எங்கே போச்சு புத்தி? காலையில் எழுந்ததிலிருந்து அவுக, இவுக என்று பேசுகிற வாய்கள் எல்லாம் அன்றைக்குத் திடீரென்று சென்னைக் காதை மாட்டிக்கொண்டன. 'அவுக' என்று ஸ்டிக்கர் செய்து அனுப்பினார்கள். தேனி பஸ்ஸில் ஒருத்தி தோழியை இடித்து, "அவுக வாராக பாரு" என்று டிரைவரைக் காட்டிச் சிரித்தாள். அவளுக்குக்கூட உறைக்கவில்லை, டிரைவரை அவள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்று. எங்கள் குழுவில் நான் பொறுமையாகவே எழுதினேன், எங்க வீட்டில் பால்காரரையும் அவுக என்றுதான் சொல்வோம் என்று. சின்னமனூர்க்காரன் ஒருவன் பதில் போட்டான்: "அது உங்க வீட்டு விசயம்." நாற்பது பேர் அதற்குச் சிரித்து வைத்தார்கள். குழுவை ஆரம்பித்தவளே நான்தான். அன்றைக்கே வெளியேறிவிட்டேன்.

அக்கா வந்து லாரியை எடுத்தாள். எதையும் பேசவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், நடந்ததை வெளியே பேசக்கூடாதாம். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் நினைத்துக்கொண்டிருந்தாள். இறுதி எபிசோடுக்கு எல்லோரையும் திரும்பக் கூப்பிடுவார்கள். அங்கே வாத்தியார் முகத்தைப் பார்த்து, நான் உங்களை ஏமாற்றவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். பார்வையாளர் பாஸ் ஒன்று கிடைத்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த அரங்கில் நான் மூன்றாவது வரிசை. எப்போது கைதட்ட வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று ஒருவர் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். தொகுப்பாளர் அக்காவை மேடைக்கு அழைத்து, எங்களுக்காக இன்னொரு தடவை அவுக சொல்லுங்க என்றார். அவள் மைக்கை வாங்கி, நான் சமையக்காரரச் சொன்னேன் என்றாள். அதைச் சத்தம் போடாமல், திராட்சைப் பெட்டி எண்ணிக்கை சொல்கிற மாதிரிச் சொன்னாள். கை காட்டுகிறவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வாத்தியார் எழுந்து வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டான். சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினான், அன்றைக்குக் கட்டாத அதே கயிறு. கட்டிக்கோ அக்கா, கட்டிக்கோ என்றுதான் நானும் உள்ளுக்குள் சொன்னேன். ரசிகைதானே.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

"வேண்டாங்க," என்றாள். "அதத் திரையில போட்ட ராத்திரியும் ஒரே மேசையில உக்காந்துதான் சாப்பிட்டோம். யாரச் சொன்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். உங்களுக்குக் கேக்கத் தோணல. நாளப்பின்ன எவனாச்சும் ஒண்ணு சொன்னாலும் கேக்கமாட்டீக."

வாங்கிய மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை சீசனில் அந்த மேடையில் அப்படி ஒரு நிஜத்தை நான் பார்த்ததில்லை. யாரும் கை காட்டாமலே நான் தட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. அம்மாவைக் கூப்பிட்டு, முறத்தையெல்லாம் ஓரமாக வைக்கச் சொல்லி உட்கார வைத்தேன். வாத்தியார் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மெதுவாக அதைப் பைக்குள் போடுகிறான். அக்கா கண்ணைத் துடைக்கிறாள். அது மேக்கப் போடுகிற பெண் பவுடர் அப்பியபோது கண்ணில் பட்டதைத் துடைத்தது, நான் பக்கத்தில் நின்றேன். சோகமாக ஒரு புல்லாங்குழல். 'மன்னிக்க முடியாத காதல்' என்று எழுத்து. அவள் பேசிய ஒரு வார்த்தையும் இல்லை. சமையல்காரர் இல்லை. வேண்டாம் என்றது இல்லை. அவள் அவனை வேண்டாம் என்றாள். ஊர் முழுக்கப் பார்த்தது, அவன் அவளை வேண்டாம் என்றதை.

நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் நான் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

போன வாரம் அக்காவின் பெட்டி கட்டுகிற கொட்டகைக்குப் போயிருந்தேன். அங்கே பழம் அடுக்குகிற ஒரு பெரியம்மா, நல்ல மனுஷி, அக்காவின் தோளைத் தட்டி, "விடு ஆத்தா, அந்தப் பயலுக்குக் குடுத்து வைக்கல" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பெட்டிக்குள் தாளை விரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை பெரியம்மா, இவுகதான் சொன்னாக, நான் அங்கன உக்காந்து என் கண்ணால பாத்தேன் என்று கத்தினேன். கொட்டகையில் எல்லோரும் திரும்பினார்கள்.

பெரியம்மா என்னைப் பாசத்தோடு பார்த்தார்.

"ஆமா தாயி," என்றார். "கேக்குறவுககிட்ட அப்பிடித்தான் சொல்லணும்."